முழங்கை மடங்கும் இடம்

ஜனவரி 6

ஆலையில் இந்த வருடமும் டைரி கொடுத்தார்கள். வழக்கமாக அது அப்படியே பீரோவுக்குள் போய்விடும். இந்த முறை எழுதலாம் என்று இருக்கிறேன். ஒரு துணியைச் சோதித்தால் அன்றன்றைக்கே குறித்து வைக்க வேண்டும் என்பது எங்கள் பரிசோதனைக் கூடத்தின் பழக்கம். வீட்டில் ஒரு சோதனை ஆரம்பிக்கிறது.

நான் வேலை பார்ப்பது கரூரில். லாரிப் படுதா, கூடாரத் துணி, தீயணைப்பு வீரர்களின் அங்கிக்கான துணி எல்லாம் செய்யும் ஆலை. வருகிற துணியை இழுப்பேன், கிழிப்பேன், நனைப்பேன், கொளுத்துவேன். அது எந்த இடத்தில் தோற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை.

நேற்று சாப்பிடும்போது சிந்துஜா சொன்னாள். ஜூன் மாதம் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேரப் போகிறாளாம். புள்ளியியல் படிக்க வேண்டுமாம். ஹாஸ்டலில் தங்க வேண்டுமாம்.

“பகல்ல எப்பிடிப் போவ?” என்றேன்.

“நீதான் ஊருக்கெல்லாம் துணி டெஸ்ட் பண்றயேம்மா. எனக்கு ஒண்ணு செஞ்சு குடு.”

அவள் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அவளுக்குப் பதினெட்டு வயது. வெயில் பட்டால் எல்லோருக்கும் தோல் கொஞ்சம் கெடும், உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும். சிந்துஜாவின் உடம்புக்கு அந்தச் சரிசெய்யும் வேலை தெரியாது. பிறவியிலேயே அப்படி. இன்று பட்ட வெயில் இரண்டு மூன்று நாள் கழித்துக் கொப்புளமாக எழும்பும். பிறகு கரும்புள்ளி. பிறகு கட்டி. மருத்துவத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் நாங்கள் ‘தோல் சமாச்சாரம்’ என்போம். என் கணவர் சென்னியப்பன் என் அம்மாவின் தம்பி. சொந்தத்துக்குள் கட்டினால் இப்படி வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று முதல் டாக்டர் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூத்தவன் கௌதமனுக்கும் அதேதான். பதினோரு வயதில் போய்விட்டான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

“செஞ்சு தர்றேன்” என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு துணியும் தோற்கிற இடத்தைக் காட்டினால் அவளே புரிந்துகொள்வாள்.

ஜனவரி 13

போகிக்குப் பழைய துணிகளை ஒதுக்கினேன். கௌதமனின் சட்டைகளைப் போட்டு வைத்த பை மட்டும் அங்கேயே இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகுதான் தையல். இப்போதைக்கு வீட்டு மீட்டரைச் சரிபார்த்து வைத்தேன். உள்ளங்கை அகலம்தான். வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத கெட்ட கதிரை அளக்கும். துணியைச் சோதிக்க, அதே கதிரைத் தரும் சின்ன விளக்கு ஒன்றும் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. எங்கள் ஜன்னல்களில் எல்லாம் அந்தக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டியிருக்கிறது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்வதால் மாமாவே கொண்டுவந்து ஒட்டினார். (கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. வேறு பெயர் வாயில் வருவதில்லை.) காலையில் அவர் எட்டு மணிக்குப் போவார். நான் அடுத்துப் போவேன். வெளியே பூட்டிவிட்டுத்தான் போவேன். யாராவது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டால் கூடம் முழுக்க வெயில் அடிக்கும். மதியம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

ஜனவரி 25

முதல் உடை. நெய்யாத துணி, ஆஸ்பத்திரியில் முழு உடம்பையும் மூடிப் போடுகிறார்களே, அந்த வெள்ளை ரகம். இதில் நீளவாட்டில் ஓடும் பாவும் கிடையாது, குறுக்கே ஓடும் ஊடையும் கிடையாது. இழைகளைத் தாறுமாறாகக் கொட்டிப் பரப்பி, சூட்டில் அழுத்தி ஒட்டவைத்துவிடுவார்கள். லேசு. வெட்டினால் நூல் பிரியாது.

வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் மாதிரி தெரிந்தது. இழை சில இடத்தில் திட்டாக, சில இடத்தில் ஒன்றுமே இல்லாமல். மெலிந்த இடங்களில் எல்லாம் மீட்டர் ஏறியது.

அவளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குச் சரசரவென்று நடந்தாள். உட்கார்ந்தபோது தொடையிடுக்கில் கிழிந்தது.

“பார்சல் மாதிரி இருக்கேன்” என்று சிரித்தாள். “சரி, இது ஃபெயில். அடுத்தது?”

நான் எதிர்பார்த்த முகம் இது இல்லை.

பிப்ரவரி 3

தண்ணீர் வரவில்லை. லாரிக்குக் காத்திருந்ததில் பொழுது போய்விட்டது.

பிப்ரவரி 16

இரண்டாவது உடை. நெசவுத் துணி. பாலியஸ்டர், கருநீலம், சாய்வரி நெசவு, நூலுக்கும் நூலுக்கும் இடைவெளி தெரியாமல் இறுக்கி அடித்தது. எங்கள் தறியில் ஓடிய துணிதான், அறுத்த மிச்சத்தைக் கேட்டு வாங்கினேன். மீட்டர் அசையவே இல்லை.

தோற்ற இடம் தையல். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு ஜன்னல். டார்ச் அடித்துப் பார்த்தால் தோள் நெடுக நட்சத்திரம் மாதிரி வரிசையாகத் தெரிந்தது. அதைக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள்.

“ஜீன்ஸ் பேன்ட்ல பக்கவாட்டுத் தையல் மடிச்சு மடிச்சு இருக்குமல்லம்மா? அப்பிடி மடிச்சா ஓட்டைக்கு மேல ஓட்டை வராதே?”

அது எனக்குத் தெரியும். அவள் கேட்பாள் என்று தெரியாது. மடித்துத் தைத்தேன். துளை மறைந்தது.

ஆனால் துணி விறைப்பு. காற்றே நுழையாது. ஃபேனுக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தவள் எழுந்தபோது தலைமுடி வரை நனைந்திருந்தாள். மோர் கரைத்துக் கொடுத்தேன்.

“இதைப் போட்டுட்டு கோயம்புத்தூரா?” என்றேன்.

“அடுத்தது” என்றாள், மோரைக் குடித்துக்கொண்டே.

மார்ச் 4

மூன்றாவது, பின்னல் துணி. பனியன் துணி போலக் கண்ணி கண்ணியாகக் கோத்தது. இரண்டு முகமும் ஒரே மாதிரி இருக்கும் கெட்டிப் பின்னல். உடம்போடு ஒட்டிப் போகும், வியர்வையை வாங்கும். சிந்துஜா போட்டதும் இரண்டு கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

அதில்தான் சிக்கல். பின்னல் உடம்போடு சேர்ந்து நீளும். நீண்டால் கண்ணி திறக்கும். முழங்கை மடங்கும் இடத்தில், முட்டி மடங்கும் இடத்தில், அக்குளில். சும்மா கிடக்கும்போது பூஜ்யம் காட்டிய மீட்டர், இழுத்துப் பிடித்ததும் குதித்தது.

மனிதன் மடங்கும் இடமெல்லாம் துணி தோற்கும் இடம்.

மாமா தோசை ஊற்றினார். எனக்குப் பசியில்லை.

மார்ச் 19

பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ரெஜினா ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அவள் தம்பி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறான். ஓடுகிறவர்களின் ஷூவுக்குப் போடும் துணியாம். மேலே ஒரு பின்னல், கீழே ஒரு பின்னல், நடுவில் தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய இழைகள் தூண் மாதிரி நின்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றன. அமுக்கினால் மெத்தென்று இறங்கி எழும்புகிறது. நடுவில் காற்று ஓடுகிறது.

“அக்கா, பாப்பாவுக்கு ஆகுமான்னு பாருங்க” என்றாள்.

அதிகம் நீளவும் நீளாது. ஒரு முகத்துக் கண்ணி திறந்தாலும் மறுமுகம் மறைத்துக்கொள்கிறது. வாயால் ஊதினால் மறுபக்கம் கையில் காற்று படுகிறது.

“பார்க்கலாம்” என்றேன்.

ரெஜினா போன பிறகு அந்தத் துண்டை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினேன். வீட்டுக்குக் கொண்டுபோக மறந்துவிட்டேன்.

மார்ச் 27

மறந்தே போயிற்று. இன்று ரெஜினா, “பாப்பா என்ன சொல்லுச்சு?” என்று கேட்டாள். எடுத்துக்கொண்டு வந்தேன். சிந்துஜா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தாள். தோள், தலை, கையின் வெளிப்பக்கம் நெசவு. அக்குள், முதுகு, முழங்கை, முட்டி இந்த மூன்றடுக்கு. கையுறை தனி. முகத்துக்கு முன்னால், வெளிச்சத்தை விட்டு அந்தக் கதிரை மட்டும் தடுக்கும் தகடு.

“தகடு நான் பாத்துக்கறேன்” என்றார் மாமா. அவ்வளவு நேரம் அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 6

உடை தயார். சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், நன்றாக வந்திருக்கிறது.

அவளை வைத்துச் சோதிக்க முடியாது. ஆகவே மீட்டரை உடைக்குள்ளே கட்டி, பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் கொடிக்கம்பியில் தொங்கவிட்டேன். காற்றில் சட்டைக் கை இரண்டும் ஆடின. கீழே வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு நொடி யாரோ வெயிலில் நிற்பது போல இருந்தது.

மீட்டர் பூஜ்யம்.

முடிவு: போதாது. தொங்கும் துணி வேறு, உடம்பில் இருக்கும் துணி வேறு.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி.

மாலை சோதனை. முழங்கைப் பகுதியை வட்டச் சட்டத்தில் போட்டு, விளக்குப் பெட்டி மேல் வைத்து இழுத்தேன். திருகைத் திருப்பத் திருப்ப மீட்டர் லேசாக அசைந்தது. “பாத்தியா?” என்றேன்.

சிந்துஜா சட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உடையைப் போட்டுக்கொண்டு முழங்கைக்கு மேலும் கீழும் சாக்பீஸால் கோடு போட்டாள். கையை நீட்டி டேப்பால் அளந்தாள். மடக்கி அளந்தாள்.

“என் கை மடக்குனா இவ்ளோதான்மா நீளுது. நீ இழுத்தது இதுல ரெண்டு மடங்கு. அவ்ளோ தூரம் நீளணும்னா என் கை ஒடஞ்சிருக்கோணும்.”

“பாதுகாப்புக்குன்னா கொஞ்சம் கூட வெச்சுத்தான் பாக்கோணும்.”

“கொஞ்சமா இது?”

ஆலையில் எல்லாத் துணியையும் கிழிகிற வரைதான் இழுப்போம். அது முறை. அவளுக்கு அந்த முறை தெரியாது.

ஏப்ரல் 24

துவைக்கத் துவைக்கத் துணி நைந்துபோகும் என்று சொன்னேன். “துவைச்சுப் பாரு” என்றாள். தினமும் துவைத்துக் காயவைத்து அளக்கிறேன். பின்னல் பகுதி சுருங்கிக் கண்ணிகள் இன்னும் நெருங்கிவிட்டன. முதலில் இருந்ததைவிட இப்போது கெட்டி.

மீட்டருக்கு பேட்டரி மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 25

புது பேட்டரி. அதே எண்.

மே 2

மாமாவுக்கும் எனக்கும் பேச்சு வந்துவிட்டது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. காலையில் நான் பூட்டை எடுத்தபோது இன்னும் கிளம்பாமல் படியில் நின்றுகொண்டு, “பூட்டாத துளசி” என்றார்.

“ஏனுங்?”

“பதினெட்டு வயசாச்சு. உள்ள இருந்து தாழ் போட்டுக்கத் தெரியாதா?”

“அவ வெளிய வந்துட்டா?”

“வந்தா என்ன? நீதான் உடுப்புத் தச்சு வெச்சிருக்கறயே.”

“அது இன்னும் பாஸ் ஆகுல.”

“எப்பதான் பாஸாகும்?” என்றார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, “கௌதமன நீயா வெயில்ல அனுப்புன? நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது. பசங்களோட வெளையாடப் போடான்னு எல்லா அம்மாவும் சொல்றதுதான்” என்றார்.

நான் பூட்டிவிட்டு நடந்தேன். இதை எழுதியிருக்க வேண்டாம்.

மே 9

சிந்துஜாவுக்கு சீட் கிடைத்துவிட்டது. விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. போனில் காட்டினாள். கல்லூரி முதல்வரிடமும் பேசிவிட்டாளாம். வகுப்பில் ஜன்னல் இல்லாத பக்கம் இடம் தருவார்களாம். ஹாஸ்டல் அறைக்குப் படலம் ஒட்டிக்கொள்ள அனுமதியாம். அப்பா வந்து ஒட்டித் தருவாராம். எல்லாவற்றையும் எல்லோரும் பேசி முடித்திருக்கிறார்கள்.

“சந்தோஷமில்லையாம்மா?”

“துணி பாஸாகட்டும்.”

அவள் போனை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

மே 15

எழுதிவிட வேண்டும்.

அக்னி நட்சத்திரம். பதினொன்றரை மணி இருக்கும். பரிசோதனைக் கூடத்து ஜன்னல் வழியாக ஆலை முற்றம் தெரியும். லோடு ஏற்றுகிறவர்கள்கூட நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். கேட்டைத் தாண்டி யாரோ வந்துகொண்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை மூடி, கருநீலத்தில். இந்த வெயிலில் எந்தப் பைத்தியம் இப்படிப் போட்டுக்கொண்டு வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சாய்வரி நெசவு என்று கண்ணில் பட்டது. தோளில் மடித்த தையல் என்று பட்டது. அக்குளில் மூன்றடுக்கு என்று பட்டது. பிறகுதான் அது என் மகள் என்று தெரிந்தது.

கையில் இருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே போட்டேனாம். ரெஜினா சொன்னாள்.

ஓடினேன். முற்றத்து நடுவில் அவளைக் கட்டிப் பிடித்து என் புடவைத் தலைப்பை அவள் மேல் போட்டு இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். துணிக் கிடங்குக்குள், ஜன்னல் இல்லாத இடத்துக்கு. முகத் தகட்டுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் வியர்வை.

“பஸ்லதான் வந்தேன். டிக்கெட் நானே எடுத்தேன். கண்டக்டர், என்னம்மா சந்திரனுக்குப் போறியான்னார்.”

“பூட்டியிருந்தனே. எப்பிடி வந்த?”

அவள் சொல்ல வேண்டியதே இல்லை. பின்கதவுச் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது.

அடித்துவிட்டேன். முதுகில், உடை மேலேயே. மெத்தென்று அமுங்கி எழும்பியது, அவளுக்கு வலித்திருக்காது. ரெஜினா வந்து என் கையைப் பிடித்தாள்.

“நீ பாஸ் போட மாட்டீன்னு தெரிஞ்சு போச்சும்மா. அதான் நானே டெஸ்ட் பண்ணிட்டேன்” என்றாள் சிந்துஜா. அழுதுகொண்டே சொன்னாள். முகத் தகடு உள்பக்கம் மூடுபனி கட்டியது.

பொழுது சாயும்வரை இருவரும் கிடங்கிலேயே உட்கார்ந்திருந்தோம்.

மே 16

தோலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாள் ஆகும்.

மாமாவிடம் பேசவில்லை. அவரே சமைத்தார்.

மே 17

வலது மணிக்கட்டில் சிவப்பு. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில், வளையல் அகலத்துக்கு.

மாலையில் கொப்புளம்.

நான் சொன்னேனே என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் தானே கையை நீட்டிக் காட்டினாள். முகம் வெளுத்திருந்தது. அவள் அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அவரைப் பார்க்கவும் சகிக்கவில்லை. அவளுக்கு வைத்தியம் பார்க்கும் கோயம்புத்தூர் டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பினேன். களிம்பு சொன்னார். உடம்பில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தேன். நெற்றி, கழுத்து, முதுகு, முழங்கை, முட்டி. அந்த ஒரு வளையல் இடம் தவிர எங்கும் இல்லை.

“மே மாச மத்தியானத்துலயா?” என்று டாக்டரம்மா இரண்டு முறை கேட்டார். “அந்த உடுப்ப யார் தச்சது?”

மே 19

கொப்புளம் அடங்குகிறது. மணிக்கட்டு எப்படித் திறந்தது என்று அவளையே கேட்டேன். உடையைப் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று, நிலைப்படியின் மேல்கட்டையைப் பிடித்துக் காட்டினாள்.

“பஸ்ல கம்பியப் புடிச்சேம்மா. சீட் இல்ல.”

கை மேலே போனதும் சட்டைக்கை கீழே வழிந்தது. கையுறை மேலே நின்றது. நடுவில் தோல்.

நான்கு மாதமாக அளந்தேன். சட்டத்தில் போட்டு இழுத்தேன், மாடியில் தொங்கவிட்டேன், துவைத்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு கம்பியைப் பிடிக்கிற ஒரு பெண்ணை மட்டும் நான் அளக்கவே இல்லை. அப்படி ஒருத்தியை நினைத்துப் பார்க்கவே இல்லை.

மே 20

இன்று பூட்டாமல் போனேன். ரயில்வே கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தாள். மறுபடியும் நடந்து போனேன். ஆலைக்குத் தாமதம்.

மே 28

சட்டைக் கையின் முனையில் வரிப்பின்னல் பட்டி வைத்தேன். ஸ்வெட்டர் மணிக்கட்டில் இருக்குமே, இறுக்கிப் பிடித்து விரிந்து கொடுக்கும், அது. இரட்டையாக மடித்து, நீளமாக, உள்ளங்கை வரை. கட்டைவிரலுக்கு ஒரு துளை. கையுறை அதற்கு மேல். இனி கையை எங்கே தூக்கினாலும் பட்டி நகராது. நிலைப்படியைப் பிடித்துத் தொங்கிக்கூடப் பார்த்தாள்.

கணுக்காலுக்கும் வைத்தேன். பாதத்துக்கு அடியில் ஒரு வார். கழுத்திலும் மாற்றினேன். எங்கெங்கே மடங்குவாள், குனிவாள், எட்டுவாள் என்று கேட்டுக் கேட்டுத் தைத்தேன். மேல் தட்டில் பையை வைப்பாள். கரும்பலகையில் எழுதுவாள். குனிந்து செருப்பு வாரைப் போடுவாள். யாருக்காவது கையாட்டுவாள். இத்தனை வேலை இருக்கிறதா என்று இருந்தது.

இரண்டு செட் தைக்க வேண்டும். மழைக்கு ஒன்று தனியாக.

மாமா முகத் தகட்டை இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொண்டுவந்தார். காது வரை மூடும்படி. “இது சரியா இருக்குமா துளசி?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு.

ஜூன் 22

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். விடியும் முன்பே வாடகைக் காரில் போய், மாமா அவள் அறையில் படலம் ஒட்டி முடித்தார். அந்தக் கதிர் கொஞ்சம் கசியும் குழல் விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினார். நான் மீட்டரை வைத்துக்கொண்டு மூலை மூலையாகப் போனேன். அறையில் இருக்கப்போகும் இன்னொரு பெண் கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டன்சத்திரத்துப் பெண்ணாம்.

“ஆன்ட்டி, அந்த மெஷின எப்பிடிப் பாக்கறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். மீட்டரையும் அங்கேயே வைத்துவிட்டேன்.

சிந்துஜா வாசல் வரை வந்தாள். “தினமும் போன் பண்ணுவியா?” என்று அவள்தான் கேட்டாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 30

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. இரண்டு பேருக்கு எவ்வளவு மாவு அரைப்பது என்று தெரியவில்லை, புளித்துப் போகிறது.

ஜூலை 3

பேசினாள். சாம்பாரில் தித்திப்பாம். நிகழ்தகவு வகுப்பு எடுக்கும் மேடம் வேகமாகப் பேசுகிறாராம். கை எப்படி இருக்கிறது என்றேன். “நல்லாருக்கும்மா, வரேன், கூப்புடறாங்க” என்று வைத்துவிட்டாள். யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லவில்லை.

ஜூலை 11

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு ஏழு மணிக்கு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். மாமாவிடம் சொல்லவில்லை.

கல்லூரி கேட்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் நிழலில் நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. மதிய மணி அடித்ததும் பெண்கள் கட்டடத்திலிருந்து கூட்டமாக வெளியே வந்தார்கள். மைதானத்தைக் கடந்துதான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும் போல. அவ்வளவு பெரிய மைதானம். நடுவில் ஒரு மரம்கூட இல்லை.

கருநீலத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. இரண்டு பெண்கள் அவளுக்கு இரண்டு பக்கமும். ஒருத்தி ஒட்டன்சத்திரத்துப் பெண். மற்றவளைத் தெரியவில்லை. அவள்தான் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். சிந்துஜா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பிறகு அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். எட்டு வைத்து, கையை வீசி. அவர்கள் ஓடித்தான் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவள் வேகமாக நடப்பவள். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் வேகமாக நடக்க இடமே இல்லை. என் மகளின் நடையை நான் பார்த்ததே இல்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

மைதானத்தின் அந்தக் கோடிக்கு அவள் போய்ச் சேரும்வரை நின்றேன். ஜெராக்ஸ் கடைக்காரர், “யாரைப் பாக்கோணுங்க?” என்று கேட்டார்.

“பாத்துட்டனுங்க” என்றேன்.

இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன்.